கதவுக்கான சுவிட்ச்

ஜென்னி நடோ வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு வருஷமாக ஒரு கார் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. அறுபத்தேழாம் வருஷத்துப் போண்டியாக். அடர்நீலம். டிக்கி திறந்தபடி. அதைக் கடைசியாகத் திறந்தவன் அவள் புருஷன் நார்பர்ட். காரைத் தூக்கி நிறுத்துகிற நாலு தூண் லிஃப்டின் மேடை இரும்புக் கொக்கிகளில் உட்கார்ந்திருந்ததால் கார் விழாது, அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஷெட்டுக்குள் போகிற எவரும் அதன் அடியில் நடப்பதில்லை. சுவரோரமாகப் போய், துணி துவைக்கிற மெஷினில் துணியைப் போட்டுவிட்டு, சுவரோரமாகவே திரும்புவார்கள். ‘எவரும்’ என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஒரு வருஷமாக அங்கே போய் வந்தது ஜென்னி ஒருத்திதான்.

தன்னுடைய காரை அவள் வெளியே பனியில் நிறுத்தினாள். ஏரிக்கரை ஊரான மன்ரோவில் மார்ச் மாதம் பேருக்குத்தான் வசந்தம். ஏரியிலிருந்து வருகிற காற்று காதை அறுத்துக் கையில் கொடுத்துவிடும். அணுமின் நிலையத்துக் கோபுரங்கள் விடுகிற ஆவியும் ஏரியின் மூடுபனியும் கலந்துவிட்டால் எது கடவுள் விட்டது, எது மின்சாரக் கம்பெனி விட்டது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தக் குளிரில், ஷெட்டை வைத்துக்கொண்டு, எழுபது வயதுக்காரி தினமும் காலையில் காரின் கண்ணாடியைச் சுரண்டினாள். “பாவம், புருஷன் ஞாபகம்” என்றார்கள் தெருவில். துக்கம் என்று சொல்லிவிட்டால் போதும், இந்த ஊரில் எதற்கும் ரசீது கேட்கமாட்டார்கள்.

ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, நார்பர்ட் காரை மேலே ஏற்றி, ஏணிமேல் நின்று டிக்கியின் ரப்பரை மாற்றிக்கொண்டிருந்தான். ஏணி சரிந்தது. சிமெண்டுத் தரையில் தலை பட்டது. வயது எழுபத்து மூன்று. ஏணி பழசு. முடிந்தது.

ஜென்னிக்குத் தெரிந்தது இதைவிட ஒரு கட்டைவிரல் அளவு அதிகம்.

அந்தத் தெருவில் யாரும் வீட்டுக்கு முன்னால் வந்து ரிமோட்டை அமுக்குவதில்லை. கதவு சோம்பேறிக் கதவு. சங்கிலி இழுத்து மேலே ஏற்றப் பதினைந்து நொடி ஆகும். பனிக்கட்டி மழையில் எவன் வண்டியை நிறுத்திக் காத்திருப்பான்? நாலு வீடு தள்ளி, லபோ வீட்டுத் தபால்பெட்டி பக்கத்தில் வரும்போதே அமுக்கிவிட வேண்டும். வீட்டு வாசலில் திரும்பும்போது கதவு முழுசாக ஏறியிருக்க வேண்டும். பிரேக்கில் கால் வைக்காமல் உள்ளே வழுக்கிக்கொண்டு போய் நிற்க வேண்டும். இதில் ஆண்களுக்குள் போட்டியே உண்டு. ஜென்னி அவர்களைவிடக் கெட்டிக்காரி. முப்பது வருஷத்தில் விரல் தானாகப் போகும், மனசு வேறெங்காவது இருக்கும்.

கார் மேலே இருக்கும்போது கதவைத் திறக்கக் கூடாது. மேலேறி உள்பக்கம் படுக்க வருகிற கதவும் உயரத்தில் நிற்கிற காரும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். அதனால் லிஃப்டை ஏற்றும்போதெல்லாம் நார்பர்ட் கதவு மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிடுவான். அன்றைக்குப் பிடுங்கவில்லை. அவள் சர்ச் சமையலறையிலிருந்து அஞ்சு மணிக்குத்தான் வருவாள் என்று நினைத்திருந்தான். தவக்காலத்து நீரெலிக் கறி விருந்துக்கு உருளைக்கிழங்கு உரிக்கப் போயிருந்தாள். ஒரு மூட்டைக் கிழங்குக்குப் பதினொரு பெண்கள் வந்திருந்தார்கள். இரண்டு மணிக்கே அனுப்பிவிட்டார்கள்.

லபோ வீட்டுத் தபால்பெட்டி பக்கத்தில் அமுக்கினாள். கதவு பாதி ஏறி நின்றது. பனிக்கட்டி பிடித்துவிட்டது என்று மறுபடி அமுக்கினாள். அது இறங்கி மூடிக்கொண்டது. சனியன் பிடித்த கதவு என்று திட்டிக்கொண்டே இறங்கிப் பக்கவாசல் வழியாக உள்ளே போனாள்.

ஆம்புலன்ஸ்காரர்களும் பக்கவாசல் வழியாகத்தான் வந்தார்கள். பெரிய கதவு மூடியிருந்தது. மூடியிருக்கிற கதவை யார் விசாரிப்பார்கள்?

அன்று சாயங்காலமே அவள் மோட்டார் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். ஆனாலும் மத்தியான வேளையில், சமையலறையில் நிற்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் சங்கிலி இழுபடும். கரகரவென்று ஏறி, பாதியில் நிற்கும். போய்ப் பார்த்தால் பிளக் வாலைப் போலத் தொங்கிக்கொண்டிருக்கும், கார் மேலே இருக்கும், டிக்கி வாயைப் பிளந்துகொண்டிருக்கும்.

இதோடு குடித்தனம் பண்ணப் பழகிவிட்டாள். அதைக் கெடுத்தது மருமகன் டிராய். ஈஸ்டர் முடிந்ததும் மகள் ரெனேயும் அவனும் டொலிடோ ஊரில் இருந்த வீட்டைக் காலிபண்ணிவிட்டு இந்த வீட்டுக்கே வருகிறார்கள். போனில் அவன் குதித்தான். “ஜென்னி, மாமாவோட காரை நானே முடிச்சுடறேன். ரெண்டு புது ரிமோட் வாங்கிட்டேன். ஆளுக்கொண்ணு!”

மூன்று பேர், மூன்று ரிமோட், ஒரு ஏணி. அன்றைக்கே அவள் கொழுந்தன் டுவெயினைக் கூப்பிட்டாள். லிஃப்டுக்கு ஒரு பாதுகாப்புச் சுவிட்ச் போட வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

டுவெயின் நடோ நாற்பது வருஷம் தொழிற்சாலையில் எலக்ட்ரீசியன். வெள்ளிக்கிழமை காலை, பிக்அப்பிலிருந்து பெட்டியும் புது அலுமினிய ஏணியுமாக இறங்கினான். ஏணியில் கடைக்காரன் ஒட்டிய காகிதம்கூடக் கிழிக்கப்படவில்லை.

“காபி கெடைக்குமா, இல்ல தவக்காலம்னு அதையும் விட்டுட்டியா?”

“விட்டது இனிப்பு. காபி இருக்கு.”

“இனிப்ப விட்ட மாதிரி ஒடம்பு சொல்லலியே.”

“நீ நாக்க நாப்பது நாள் விட்டுப் பாரு. ஒம் பொண்டாட்டி போனி சர்ச்சுக்குப் புது மணியே வாங்கி மாட்டுவா.”

சமையலறையில் நீரெலி வெந்துகொண்டிருந்தது. முதல் தண்ணீரை வடித்துவிட்டு, இரண்டாம் தண்ணீரில் வெங்காயமும் செலரியும் போட்டிருந்தாள். சதுப்பில் பொறி வைக்கிற டுவெயின்தான் தோலுரித்துக் கொடுப்பவன். தவக்கால வெள்ளிக்கிழமையில் இறைச்சி ஆகாது. ஆனால் தண்ணீரில் நீந்துவதால் நீரெலியை மீன் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் அந்தக் காலத்துப் பாதிரியார்கள். எலியிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

“சுவிட்ச் பழைய சாமான் சந்தையில வாங்கினேன்,” என்றான், காபியை ஊதிக்கொண்டு. “புதுசு. ரெண்டு. இருபதுன்னான். நான் திரும்பி நடந்தேன். கூப்பிடுவான்னு பாத்தேன், கூப்பிடல. வண்டி வரைக்கும் நடந்தேன். ஏறி உக்காந்தேன். இஞ்சினக்கூட போட்டேன்.”

“அப்புறம்?”

“எறங்கிப் போயி இருபதுக்கே வாங்கிட்டு வந்தேன்.”

“இதுக்குப் பேரு பேரமா?”

“பை கேட்டேன். குடுத்தான்ல?”

சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஷெட்டுக்குள் நுழைந்தார்கள். நுழைந்ததும் சிரிப்பு நின்றது. இருவருமே சுவரோரமாக நடந்தார்கள்.

வேலை ஆரம்பித்ததும் டுவெயின் வேறு ஆளாகிவிட்டான். காருக்கு மேலே உத்தரத்தில் ஒரு நீளக் கம்பியைத் தொங்கவிட்டு, அதன் நுனியில் சுவிட்சை மாட்டினான். ஏணியின் மூன்றாம் படிக்கு மேல் அவன் ஏறவில்லை. அதற்கு மேலே எட்ட வேண்டியதற்கெல்லாம் தூணின் குறுக்குச் சட்டத்தில் கால் வைத்துக் குரங்கு மாதிரி தொங்கினான். ஜென்னி பார்த்துக்கொண்டிருந்தாள், கேட்கவில்லை.

“இப்பப் பாரு. எவனாவது பராக்குப் பாத்துக்கிட்டே லிஃப்ட ஏத்துனான்னு வையி. கார் கூரை உத்தரத்துல முட்டறதுக்கு முன்னால இந்தக் கம்பியத் தொடும். தொட்டதும் லிஃப்ட் மோட்டார் செத்துடும். ஒம் மருமகனுக்குன்னே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கு.”

“நல்லது.”

“நல்லதுன்னு ஏன் இழவு வீட்டுல சொல்ற மாதிரி சொல்ற?”

அவள் காபிக் கோப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். அப்போது சங்கிலி இழுபட்டது. அவள் திரும்பி மேலே பார்த்தாள். பிளக் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

“என்ன?” என்றான் டுவெயின்.

“ஒனக்குக் கேக்கல?”

“எனக்குக் கேக்கறதெல்லாம் போனி சத்தம்தான். அதுவும் அவ இல்லாதப்ப.”

ஜென்னி தொண்டையைச் செருமிக்கொண்டாள். ரொம்ப நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வார்த்தைகளை, அப்போதுதான் தோன்றியது போல எடுத்து வைத்தாள்.

“ஏன் டுவெயின், கார் மேல இருக்கறப்ப யாராவது இந்தக் கதவத் தொறந்தா?”

“நார்ப்தான் பிளக்கப் பிடுங்கிடுவானே.”

“டிராய் பிடுங்குவானா?”

டுவெயின் யோசித்தான். “அவன் சட்டைப் பித்தானே ஒழுங்காப் போடமாட்டான்.” முகவாயைச் சொறிந்தான். “ரெண்டாவது சுவிட்ச் சும்மாத்தான் கெடக்கு. தூணுக்கு அடியில வச்சிரலாம். மேடை தரையில உக்காந்தா சுவிட்ச் அமுங்கியிருக்கும், கதவு மோட்டாருக்குக் கரண்ட் போகும். மேடை ஒரு அடி எழும்பினாலும் கரண்ட் கட். அப்புறம் எந்த ராஜா வந்து ரிமோட்ட அமுக்கினாலும் கதவு அசையாது. நல்ல யோசனைதான், கெழவி. எங்கருந்து வந்தது?”

“சும்மா தோணிச்சு.”

சரக்கு கைக்கு வந்துவிட்டது. விலையாக உண்மையைச் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு வருஷமாக இந்த ஒரு சுவிட்சுக்கு என்ன கேட்பார்களோ என்று பயந்து கடை வாசலிலேயே நின்றவளுக்கு, இனாமாகவே கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நீரெலியை வறுக்கப் போகலாம் என்று திரும்பினாள்.

“இது என்ன?” என்றான் டுவெயின் பின்னால்.

அவன் கதவு மோட்டாரைப் பார்க்கப் போனவன், கதவின் மேல் பலகைக்கு முன்னால் நின்றிருந்தான். பலகையின் விளிம்பில், ஒரு சாண் நீளத்துக்குத் தகடு உள்ளே மடங்கியிருந்தது. ஜென்னிக்கு அந்த மடிப்பு தெரியும். அதன் நீளம், ஆழம், அதில் சாயம் பெயர்ந்த இடம் எல்லாம் தெரியும்.

டுவெயின் அதை விரலால் தடவினான். தடவிக்கொண்டே இருந்தான்.

“ஏணி சாஞ்சப்போ பட்டிருக்கு,” என்றான். “எவ்வளவு வேகமாச் சாஞ்சிருந்தா தகடு இப்பிடி மடங்கும்! என் ஏணிதான், ஜென்னி.”

“டுவெயின்…”

“இரு. சொல்லிடறேன். ஒரு வருஷமா முழுங்கிக்கிட்டிருக்கேன். அந்த மர ஏணி நான் குடுத்தது. ஒரு கால் ஆடும். ஆடும்னு எனக்குத் தெரியும். குடுக்கறப்போ சொல்லணும்னு நெனச்சேன். அன்னிக்கு அவன் என் பொறியக் கிண்டல் பண்ணினான், நான் அவன் காரக் கிண்டல் பண்ணினேன், அப்பிடியே வந்துட்டேன். சொல்லல.” மூக்கைப் புறங்கையால் துடைத்தான். “ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு ரெனே வரால்ல? அவகிட்ட சொல்லிடப் போறேன். ஒங்க அப்பன் தானா விழல, ஒஞ் சித்தப்பன் குடுத்த ஏணி தள்ளிடுச்சுன்னு. அவ இந்த வீட்டுல வந்து குடியேறப் போறா. தெரியாம எப்பிடிக் குடியேறுவா?”

சமையலறையில் பாத்திரத்தின் மூடி தடதடத்தது. தண்ணீர் பொங்கி அடுப்பில் சொட்டி, புஸ் புஸ்ஸென்றது. போய் அணைக்க வேண்டும். ஜென்னி போகவில்லை.

“ஏணி இல்ல,” என்றாள்.

“என்னத் தேத்தறதுக்குன்னு நீ…”

“ஏணி இல்ல, டுவெயின். கதவு. நான் சீக்கிரமா வந்துட்டேன். லபோ வீட்டுகிட்டயே அமுக்கிட்டேன். அது ஏறி அவன் முதுகுல இடிச்சு நின்னுது. ஐஸ் பிடிச்சுக்கிச்சுன்னு நெனச்சு மறுபடி அமுக்கினேன். எறங்கிடுச்சு. நான் உள்ள வந்தப்போ எல்லாம் மூடித்தான் இருந்தது.”

டுவெயின் விரலை மடிப்பிலிருந்து எடுக்கவில்லை.

“அவன் எதாச்சும் சொன்னானா?”

“இல்ல.”

“முழிச்சுப் பாத்தானா?”

“இல்ல.”

பிறகு அவன் மெதுவாகக் கேட்டான், “நான் ஏணிய எரிச்சது ஒனக்குத் தெரியுமா?”

“போனி சொன்னா.”

“என்னன்னு சொன்னா?”

“அடக்கம் முடிஞ்ச மறுநாளு, கொல்லையில பீப்பாயில போட்டு எரிச்சன்னு. அழுதன்னு.”

“அவகிட்ட நீ என்ன சொன்ன?”

ஜென்னி காபிக் கோப்பையைத் துவைக்கிற மெஷின்மேல் வைத்தாள்.

“பாவம்னு சொன்னேன்.”

“பாவம்னு சொன்ன.” அவன் தலையை ஆட்டினான், ஏதோ விலைப்பட்டியலைச் சரிபார்க்கிறவன் மாதிரி. “ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம இங்க வந்து சாப்ட்டேன். நீ பரிமாறின. இன்னொரு துண்டு போட்டுக்கோன்னு சொன்ன. நான் தொண்டையில எறங்காம உக்காந்திருப்பேன். நீ பாத்துக்கிட்டிருந்த. சமையல் சரியில்லியோன்னுகூட ஒருநா கேட்ட.”

“கேட்டேன்.”

“ஏன் சொல்லல?”

“மொதல்ல பயம். அப்புறம் நீ ஏணிய எரிச்சுட்ட. எரிச்சதுக்கப்புறம் எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. ஒவ்வொரு வாரமும் சொல்றது கஷ்டமாயிட்டே போச்சு.”

அவன் கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். காரின் அடியில், நடுவிலேயே நடந்து, பக்கவாசல் வழியாக வெளியே போனான். பிக்அப் கதவு அறைந்து சாத்தப்படுவதும், இஞ்சின் கிளம்புவதும் கேட்டது. ஜென்னி சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தின் அடி பிடித்திருந்தது. தீய்ந்த வாசனை. நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் போனிக்குத் தெரியும். சாயங்காலம் சர்ச்சில் மீன் வறுவலுக்கு வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். ரெனேவுக்கு யார் வாயிலிருந்தாவது தெரியும். அதையெல்லாம் அவள் வரிசையாக நினைத்துப் பார்த்தாள். அவள் பயந்த அளவுக்கு அதில் எதுவும் பெரிதாக இல்லை. பெரிதாக இருந்தது, அவன் திரும்பிப் பார்க்காமல் போனதுதான்.

பிக்அப் போகவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணாடி முழுக்க ஆவி படிந்து உள்ளே ஆள் தெரியவில்லை. அரை மணி நேரம் கழித்து இஞ்சின் நின்றது. டுவெயின் ஒரு சுருள் ஒயரைத் தோளில் மாட்டிக்கொண்டு சமையலறையைக் கடந்து போனான். அவளைப் பார்க்கவில்லை.

“கருகிடுச்சு போல,” என்றான்.

“ஆமா.”

“வேணாம். எனக்குப் பசிக்கல.”

அதற்கப்புறம் துளை போடுகிற சத்தம்தான். தூணின் அடியில் சுவிட்சை வைத்து, ஒயரைச் சுவரோடு ஆணியடித்து மேலே ஏற்றி, மோட்டார் பக்கத்தில் ஒரு பெட்டி மாட்டினான். இந்தத் தடவை புது ஏணியின் உச்சிப் படிவரைக்கும் ஏறினான். ஜென்னி ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டாள். பிடி என்று அவன் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை. திருகாணி கேட்டுக் கை நீட்டினான். கொடுத்தாள்.

பிளக்கைப் புதுப் பெட்டியில் செருகியதும், “சரி,” என்றான். “கார் மேலதான் இருக்கு. கதவு தொறக்கக் கூடாது. பாத்துடலாம். ரிமோட் எங்க?”

“கார்லதான். எடுக்கல.”

“ஒரு வருஷமா?”

“எடுத்தா யாராவது ஏன்னு கேப்பாங்க.”

அவன் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

“போயித் தெருவச் சுத்திக்கிட்டு வா. எங்க அமுக்குவியோ அங்கயே அமுக்கு.”

“இங்கயே நின்னு அமுக்கினாப் போதாதா?”

“போதாது. போன ஆன்ல வச்சுக்க. நான் உள்ள நிக்கறேன்.”

“உள்ள எங்க?”

“அவன் நின்ன எடத்துல.”

“வேணாம், டுவெயின். சுவிட்ச் வேல செய்யலேன்னா?”

“நான் மாட்டின சுவிட்ச்.”

“சந்தையில வாங்கினது!”

“பேரம் பேசாம வாங்கினது,” என்றான். சிரிக்கவில்லை. “ரெனேகிட்ட நான் ஏணியப் பத்திச் சொல்ல மாட்டேன். கதவப் பத்தியும் சொல்ல மாட்டேன். அது ஒன்னோடது.”

“ஞாயித்துக்கெழம சொல்றேன்.”

“சாப்பாட்டுக்கு முன்னால சொல்லு.” ஏணியை இழுத்து டிக்கிக்குக் கீழே, கதவுக்கு முதுகு வரும்படி வைத்தான். “போ.”

கண்ணாடியில் சுரண்டாத பனி இருந்தது. ஒரு வட்டம் மட்டும் கையால் துடைத்துக்கொண்டு ஓட்டினாள். தெருவைச் சுற்றி, தேவாலயத்தின் முனையில் திரும்பி, எப்போதும் வருகிற பக்கமாகவே வந்தாள். லபோ வீட்டுத் தபால்பெட்டிக்கு நேராக வண்டியை நிறுத்தினாள். முப்பது வருஷத்தில் அங்கே அவள் வண்டியை நிறுத்தியதே இல்லை. மூடுபனிக்குள் நாலு வீட்டுக்கு அப்பால் வெள்ளைக் கதவு மங்கலாகத் தெரிந்தது. மடியில் போன்.

“நிக்கறியா?” என்றாள்.

“நிக்கறேன். ஏணியில. ரெண்டு கையும் டிக்கியில.”

“எறங்கேன், டுவெயின்.”

“அமுக்கு, ஜென்னி.”

விரல் போகவில்லை. முப்பது வருஷம் தானாகப் போன விரல். இடது கையால் வலது கையைப் பிடித்து, தூக்கி, பித்தானில் வைத்து அமுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள். பதினைந்து வரை எண்ணினாள்.

“அமுக்கிட்டியா?” என்றது போன்.

“அமுக்கிட்டேன்.”

“எப்ப?”

“இப்பத்தான்.”

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம். கண்ணைத் திறந்தாள். கதவு தரையோடு தரையாக இருந்தது.

“ஒண்ணும் ஆகல,” என்றான் டுவெயின்.

“ஆகல.”

“மறுபடி அமுக்கு.”

அமுக்கினாள்.

“மறுபடி.”

அமுக்கினாள். லபோ வீட்டு ஜன்னலில் திரை விலகியது. நடுத்தெருவில் வண்டியை நிறுத்தி ரிமோட்டைக் குத்திக்கொண்டிருக்கிறவளை அந்த வீட்டுக்காரி பார்த்தாள்.

“மறுபடி,” என்றது போன். அதற்கப்புறம் வார்த்தை வரவில்லை. மூச்சும் சீராக வரவில்லை. எழுபதை நெருங்குகிற ஒரு ஆண் ஏணியின் உச்சியில் நின்று, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதால் எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்டது. அவன் நிறுத்து என்று சொல்லவில்லை. அவள் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.